கந்தையும் காந்தாவும்

மாணவர்களே! தமிழில் ‘கந்தை’ என்றொரு சொல் உண்டு. கிழிந்த துணி, ஒட்டுப்போட்ட துணி என்பது அதன் பொருள். கந்தையானாலும் கசக்கிக் கட்ட வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வங்காளத்தில் வாழும் உங்களுள் பலருக்கு இச்சொல்லின் உடன்பிறப்பு ஒன்றும் அறிமுகமாகியிருக்கும். பழைய சேலைகளை அடுக்கித் தைத்த போர்வையை வங்காளியர் ‘காந்தா’ என்று அழைப்பர். இரண்டும் ‘கந்தா’ என்னும் வடசொல்லின் வழிவந்தவை. அச்சொல்லுக்கும் ஒட்டுப்போட்ட ஆடை என்பதே பொருள். தெற்கே அது ஏழ்மையின் பெயராயிற்று. கிழக்கே ஒரு கைவினையின் பெயராயிற்று.

நம் இலக்கியம் கந்தையை எவ்வாறு காட்டுகிறது என்பதற்குப் பொருநராற்றுப்படையைச் சான்றாகக் கொள்ளலாம். முடத்தாமக்கண்ணியார் பாடிய அந்நூலில் பொருநன் ஒருவனின் உடை வருணிக்கப்படுகிறது. வியர்வையில் நனைந்து, வேறு வேறு நூல்கள் ஊடே நுழைந்து, தையலே துணியாகிவிட்ட கந்தல் அது. ‘துன்னல்’ என்றால் தையல். ‘சிதார்’ என்றால் கந்தல். கரிகால் வளவன் அக்கந்தலை நீக்கிப் பாம்பின் உரி போன்ற நுண்ணிய ஆடையை அவனுக்கு அளிக்கிறான். வறியவனுக்குப் புத்தாடை தருவது வள்ளலின் கடன். அதில் குறை காண்பதற்கில்லை. ஆயினும், அந்தக் கந்தலில் வேற்று நூலை நுழைத்துத் தைத்த கை யாருடையது, அது எவ்வளவு நேரம் உழைத்தது என்று அப்பாட்டு கேட்கவில்லை. இப்பாடத்தில் நாம் அதைக் கேட்போம்.

வங்காளத்துக் கிராமங்களில் காந்தா தைப்பவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். பழைய நாள்களில் இதற்கெனக் கடையில் வாங்க வேண்டிய பொருள் ஊசி ஒன்றே. உடுத்தி உடுத்தி மென்மையான பருத்திச் சேலை, வேட்டி, கைலி ஆகியவற்றைத் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரிப்பர். மெல்லிய காந்தாவுக்கு மூன்று அடுக்குப் போதும்; குளிர்காலத்துக்கு உரியதென்றால் ஐந்து, ஏழு என அடுக்குகள் கூடும். சுருக்கம் நீவிய பிறகு, அடுக்குகள் நழுவாதபடி நீண்ட தளர்ந்த தையலால் அவற்றைப் பிணைப்பர். அதன்பின் ஓட்டுத் தையல் தொடங்கும். ஊசி மேலே எழுவதும் கீழே நுழைவதுமாக ஒரே நேராக ஓடும் எளிய தையல் அது. தையலுக்கான வண்ண நூல் எங்கிருந்து வந்தது தெரியுமா? பழைய சேலைகளின் கரையிலிருந்து ஒவ்வோர் இழையாக உருவி எடுக்கப்பட்டது. அதனால்தான் பழைய காந்தாக்களில் கரைக்குரிய சிவப்பும் நீலமும் கறுப்பும் மிகுந்து காணப்படுகின்றன.

நெருக்கமாக ஓடும் இத்தையல் துணியைச் சற்றே சுருக்குகிறது. காற்றுப் பட்ட குளத்து நீர்போலத் துணி முழுவதும் சிற்றலைகள் எழும்புகின்றன. பார்ப்பவர்கள் இதை அழகு என்று வியப்பார்கள். அழகுதான், ஆனால் அதன் முதற்பயன் வேறு. தனித்தனியாக எடுத்தால் விரல் பட்டுக் கிழியக்கூடிய நைந்த துணிகள், இத்தையலால் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஒரு சேலையின் நைந்த இடத்துக்கு நேரே மற்றொரு சேலையின் உறுதியான பகுதி வருமாறு அடுக்கத் தெரிந்தவரே தேர்ந்த காந்தாக்காரர்.

நடுவில் தாமரை, நான்கு மூலைகளில் நான்கு மரங்கள், இடையிடையே மீன், யானை, பல்லக்கு எனச் சித்திரங்களும் அமைவதுண்டு. போர்த்திக்கொள்ளும் தடித்த காந்தாவுக்கு ‘லேப்’ என்று பெயர். நூல்களையும் மதிப்புள்ள பொருள்களையும் சுற்றி வைப்பது ‘போஸ்தானி’. கண்ணாடியும் சீப்பும் வைத்துச் சுருட்டுவது ‘ஆர்ஷிலதா’. சிறு பணப்பையும், தரையில் இட்டு அமரும் ஆசனமும்கூட இவ்வாறே தைக்கப்பட்டன. கொல்கத்தாவின் தென்புறத்தில் ஜோகா என்னும் இடத்திலுள்ள குருசதய் அருங்காட்சியகத்தின் காந்தாத் தொகுப்பு புகழ்பெற்றது. ஆட்சிப்பணி அலுவலராக ஊர் ஊராகச் சென்ற குருசதய் தத்தர் (1882–1941) திரட்டிய செல்வம் அது. மானதாசுந்தரி என்னும் பெண் தம் தந்தைக்காகத் தைத்த காந்தா ஒன்று அத்தொகுப்பில் உண்டு. அதில் அவர் தம் பெயரையும் தையலாலேயே பொறித்திருக்கிறார். பொருநனின் கந்தலைத் தைத்தவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. இவர் பெயர் கிடைத்திருக்கிறது. கவிஞர் ஜசிமுத்தீன் 1929ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கதைக் காவியத்தில், கணவனைப் பிரிந்த பெண் தன் வாழ்க்கை முழுவதையும் ஒரு காந்தாவில் தைத்து வைக்கிறாள். அதைத் தன் கல்லறைமீது விரிக்குமாறு சொல்லி அவள் உயிர் துறக்கிறாள்.

வங்காளத்துக்கு வெளியே படிக்கும் மாணவர்களும் இதைத் தம் ஊரில் காணலாம். பீகாரில் இதற்குச் ‘சுஜனி’ என்று பெயர். மராட்டியத்தில் ‘கோதடி’. வட கருநாடகத்தில் ‘கவுதி’. துணியும் தையலும் ஊருக்கு ஊர் மாறும். பழந்துணியை அடுக்கித் தைப்பது மாறாது.

நம்மிடமும் இவ்வழக்கம் உண்டு; ஆனால் நாம் அதற்கு அருங்காட்சியகம் வைக்கவில்லை. தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு பருத்திச் சேலையின் வாழ்வை எண்ணிப் பாருங்கள். உடுத்தி நைந்ததும் அது குழந்தைக்குத் தூளியாகும். தூளிக்கும் தாங்காது என்றால் இரண்டு சேலைகளை மூட்டிப் போர்வையாக்குவர். பிறகு தலையணை உறை. பிறகு பச்சிளங்குழந்தையின் இடுப்புத் துணி. கடைசியில் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கரித்துணி. பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்தாமல், பலமுறை துவைத்து மென்மையான பழந்துணியில் கிடத்துவது நம் வழக்கம். வங்காளத்திலும் பிறந்த குழந்தைக்குச் சிறு காந்தா தைத்து வைப்பார்கள். பழந்துணி கண்ணேறு படாமல் காக்கும் என்று இரு நாட்டுப் பாட்டியரும் சொல்வர். அது இருக்கட்டும், குழந்தையின் தோலை உறுத்தாது என்பது உறுதி.

இனி, கொல்கத்தாவில் பயிலும் மாணவி ஒருத்தியின் வீட்டுக்குச் செல்வோம். அவள் பிறந்தபோது, மாடி வீட்டில் வாழ்ந்த வங்காள மூதாட்டி ஒருவர் தம் பழைய சேலைகளைக் கொண்டு காந்தா ஒன்றைத் தைத்துத் தந்தார். சிறுமி அவரைத் ‘திதா’ என்றே அழைத்து வளர்ந்தாள். ‘திதா’ என்றால் வங்காளத்தில் தாயைப் பெற்ற பாட்டி. அவர் இப்போது இல்லை. பதின்மூன்று குளிர்காலங்களைக் கண்ட காந்தாவோ மேல் ஓரம் பிரிந்து, மடிப்புகள் நைந்து, ஒரு மூலை இற்றுப்போய்க் கிடந்தது. திருநெல்வேலியிலிருந்து பாட்டி வந்திருந்த நாளில் அதைப் பற்றிப் பேச்சு எழுந்தது.

“நூல் நூலாகப் பிரிகிறது அத்தை. இதற்கு மேல் தைத்து என்ன பயன்? புதிதாக ஒன்று வாங்கிவிடலாம்” என்றார் தாய்.

“வேண்டாம் அம்மா! பாட்டி, நடுவில் தாமரை நன்றாகத்தானே இருக்கிறது? அதை மட்டும் வெட்டியெடுத்துப் பையாகத் தைத்துக்கொள்ளட்டுமா? தினமும் பள்ளிக்குக் கொண்டுபோவேன்” என்றாள் மகள்.

பாட்டி கத்தரிக்கோலை வாங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார். “வெட்டுவதற்கு ஒரு நொடி போதும் கண்ணு. வெட்டிய பிறகு வேண்டாமென்று தோன்றினால் என்ன செய்வாய்? முதலில் இதைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடி.”

பழைய துணியைச் செப்பனிடுவோர் முதலில் செய்ய வேண்டியது இதுதான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், கண்ணுக்கு முழுமையாகத் தோன்றும் இடத்திலும் இழை மெலிந்திருப்பது தெரிந்துவிடும். போர்வைகள் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் தேய்வதில்லை. கழுத்தருகே இழுத்துப் பிடிக்கும் ஓரம் கைபட்டும் தலை எண்ணெய் பட்டும் முதலில் நையும். அடுத்து, ஆண்டுக்கணக்கில் ஒரே கோட்டில் மடித்து வைத்த மடிப்பு. அந்தக் காந்தாவிலும் அப்படியே இருந்தது. மேலடுக்குத்தான் நைந்திருந்ததே தவிர, உள்ளே இருந்த மூன்று அடுக்குகளும் உறுதியாக இருந்தன. இற்ற மூலை மட்டும் வேறு வகை. பெட்டியில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடித்த இடம் அது. விரலால் தொட்டாலே பொடியாய் உதிர்ந்தது. ஆகவே ஒரே போர்வைக்குள் தைக்க வேண்டிய இடம், தாங்கு கொடுக்க வேண்டிய இடம், வெட்டி நீக்க வேண்டிய இடம் என மூன்றும் இருந்தன. தாயார் சொன்னதும் மகள் சொன்னதும் போர்வை முழுவதற்கும் ஒரே தீர்ப்பு. பாட்டி இடத்துக்கு இடம் தீர்ப்பை மாற்றினார்.

ஒட்டுப்போடத் துணி வேண்டுமே? பாட்டி தம் பெட்டியிலிருந்து தாத்தாவின் பழைய வேட்டி ஒன்றை எடுத்தார்.

“கடையில் நல்ல புதுத்துணி கிடைக்குமே பாட்டி, தாத்தா வேட்டியை ஏன் கிழிக்கிறீர்கள்?”

“புதுத்துணி முரட்டுப்பிள்ளை மாதிரி. பழந்துணியின் பக்கத்தில் அதை உட்கார வைத்தால், இழுத்து இழுத்து இதைக் கிழித்துவிடும்.”

பாட்டி சொன்னதில் துணிநுட்பம் ஒன்று அடங்கியிருக்கிறது. புதிய பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும். பழையது சுருங்க வேண்டிய அளவு முன்பே சுருங்கிவிட்டது. இரண்டையும் சேர்த்துத் தைத்துத் துவைத்தால், சுருங்கும் ஒட்டு தன்னைச் சுற்றியுள்ள நைந்த துணியை இழுக்கும்; தையல் ஓரத்தில் புதுக்கிழிசல் உண்டாகும். நூலுக்கும் இவ்விதி பொருந்தும். தைக்கும் நூல் துணியைவிட வலிமையாக இருத்தலாகாது. நூல் அறுந்தால் அரை மணி நேரத்தில் மீண்டும் தைத்துவிடலாம். நூல் அறாமல் துணியை அறுத்துவிட்டால் பிழைத்த இடமும் போய்விடும். நைலான் கலந்த தையல் நூலைப் பழைய பருத்திக்குப் பயன்படுத்தாமல் இருப்பது இக்காரணத்தால்தான்.

ஒட்டு, பொத்தலின் அளவுக்கு இருந்தால் போதாது. பொத்தலைச் சுற்றியுள்ள துணியும் மெலிந்துதான் இருக்கும். அதில் தைத்தால் தையல் நிற்காது. உறுதியான துணி தொடங்கும் இடத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலமாவது ஒட்டு நீள வேண்டும். ஒட்டின் பாவும் போர்வையின் பாவும் ஒரே திசையில் ஓட வேண்டும். இல்லையேல் துவைத்தபின் கோணிக்கொள்ளும். நூலின் நுனியில் பெரிய முடிச்சுப் போடாமல், நுனியை அடுக்குகளுக்கிடையே சிறிது தொலைவு ஓட்டி மறைத்துவிட வேண்டும். முடிச்சு நைந்த துணியைத் துளைத்து வெளியே வந்துவிடும்.

பாட்டி மேல் ஓரம் முழுவதற்கும் வேட்டித் துணியை இருபுறமும் மடித்து உறைபோல் தைத்தார். மடிப்பு நைந்த இடங்களில், மேலடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடையே வேட்டித் துண்டை மெல்ல நுழைத்தார். பிறகு திதாவின் பழைய தையல் எந்தக் கோட்டில் ஓடியதோ, அதே கோட்டில் தம் ஊசியை ஓட்டினார். அறுந்த இடத்தில் பழைய ஊசித் துளைகள் தெரிந்தன. பாட்டியின் ஊசி பெரும்பாலும் அத்துளைகளிலேயே இறங்கியது. இவ்வேலை நான்கு பிற்பகல்களை எடுத்துக்கொண்டது. இரண்டாம் நாளிலிருந்து பேத்தியும் ஒரு மூலையில் அமர்ந்து தைத்தாள். முதலில் அவள் தைத்த வரிசை பாம்பு ஊர்ந்ததுபோல் இருந்தது. பாட்டி அதைப் பிரிக்கச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மகளுக்கு ஒரு கவலை எழுந்தது. மங்கிய காந்தாவில் வேட்டியின் வெண்மை தனித்துத் தெரிந்தது. தேநீரில் நனைத்துப் பழுப்பாக்கினால் என்ன என்று கேட்டாள். இணையத்தில் பலர் அவ்வாறு செய்து காட்டுகின்றனர். என் கருத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் நாளடைவில் பருத்தி இழையை மெலியச் செய்யும். மேலும், ஒட்டு தெரிவதில் என்ன குறை? காந்தாவின் மேற்பரப்பில் தெரியும் ஒவ்வொரு தையலும் அது பழந்துணி என்பதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. வேட்டியும் நான்கைந்து குளிர்காலத்தில் தானே மங்கிவிடும்.

இற்ற மூலைக்கு மட்டும் கத்தரிக்கோல் தேவைப்பட்டது. பல அடுக்குகளைச் சேர்த்துத் தைத்த துணியை அப்படியே வெட்டினால், வெட்டிய ஓரத்திலிருந்து எல்லாத் தையலும் பிரியத் தொடங்கும். ஆகையால் வெட்டப் போகும் கோட்டின் இருபுறமும் நெருக்கமாக ஒவ்வொரு வரிசை தைத்துக்கொண்டு, நடுவே வெட்டினார்கள். அடிப்பகுதியை நேராக்குவதற்காக அகலமான ஒரு பட்டையே நீக்கப்பட்டது. பட்டையில் உதிர்ந்த மூலை போக எஞ்சிய நல்ல பகுதியை மடித்து, மூன்று புறம் தைத்து, ஒரு நாடா கோத்தார்கள். மகள் கேட்ட பை கிடைத்தது, தாமரையும் வெட்டுப்படவில்லை. இன்று அதில் அவளுடைய தமிழ்ப் பயிற்சி நூல் இருக்கிறது. வங்காளியர் கண்டால் அதைப் ‘போஸ்தானி’ என்பர்.

எல்லாப் பழைய போர்வைகளையும் இவ்வாறு மீட்டுவிட முடியாது. பாதிக்கு மேல் இற்றுப்போனது என்றால் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, அதன் இருபுறமும் ஒவ்வொரு பழஞ்சேலையை விரித்துத் தைத்து, பழைய போர்வையைப் புதிய போர்வையின் உள்ளடுக்காக ஆக்கிவிடுவது. மற்றொன்று, உறுதியான பகுதிகளை மட்டும் வெட்டி ஆசனம், தலையணை உறை, கரித்துணி எனப் பயன்படுத்துவது. இதில் வருந்த ஒன்றுமில்லை. காந்தாவும் ஒருகாலத்தில் சேலையாக இருந்ததுதானே? பெயரோ ஆண்டோ தைத்திருக்கும் பகுதியை மட்டும் எக்காரணத்தாலும் வெட்டக் கூடாது. தைக்கும் நேர்த்தி குறையாத முழுக் காந்தாக்களை வெட்டிப் பையாக்கி விற்கும் வழக்கமும் இன்று பரவியிருக்கிறது. காசுக்காகச் செய்யும் இச்செயலை நான் ஏற்பதில்லை.

துவைப்பதற்குச் சில எச்சரிக்கைகள். கிழிசலைத் தைத்த பிறகே துவைக்க வேண்டும்; தைக்காமல் துவைத்தால் விரலளவு பொத்தல் கையளவாகும். அதற்கு முன், ஈரமான வெள்ளைத் துணியால் ஒவ்வொரு வண்ண நூலையும் ஒற்றிப் பார்க்க வேண்டும். சிவப்பு நூல் பெரும்பாலும் சாயம் விடும். விட்டால் நீரில் நனைக்கவே கூடாது, வெயில் தாழ்ந்தபின் காற்றாட விரித்தால் போதும். சாயம் விடாததை அகன்ற தொட்டியில் மென்மையான சவர்க்கார நீரில் ஊறவைத்து, கைகளால் அமுக்கி எடுக்க வேண்டும். கல்லில் அடிப்பதும் முறுக்கிப் பிழிவதும் கூடாது. நீர் ஏறிய போர்வையின் எடையே அதன் தையலை அறுத்துவிடும் ஆதலால், அடியில் ஒரு விரிப்பை இட்டு இருவராகத் தூக்கி, நிழலில் தட்டையாக உலர்த்த வேண்டும். நெகிழிப் பையில் கட்டி வைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, உலர்ந்த வேப்பிலை இட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைக்கலாம். மடிக்காமல் சுருட்டி வைப்பது இன்னும் சிறப்பு.

பாட்டி ஊருக்குப் புறப்படும் முன் பேத்தி ஒரு சிறு வெள்ளைத் துண்டில் திதாவின் பெயரையும், தாத்தாவின் பெயரையும், அவ்வாண்டையும் தைத்துக் காந்தாவின் பின்புற மூலையில் பொருத்தினாள். திதாவின் பெயர் வங்காள எழுத்திலும் தாத்தாவின் பெயர் தமிழ் எழுத்திலும் அமைந்துள்ளன. தன் பெயரைத் தைக்க இடம் விட்டிருக்கிறாள்.

சொல் அறிவோம்

இற்றுப்போதல் – வலிமை இழந்து உதிரும் நிலையை அடைதல். நைதல் – தேய்ந்து மெலிதல். பாவு – தறியில் நீளவாக்கில் ஓடும் இழை. குறுக்கே ஓடுவது ஊடை. மூட்டுதல் – இரு துணிகளின் ஓரத்தைச் சேர்த்துத் தைத்தல். கரித்துணி – சமையலறையில் பாத்திரம் இறக்கவும் துடைக்கவும் பயன்படும் பழந்துணி.

பயிற்சி

1. ‘கந்தை’, ‘காந்தா’ ஆகிய சொற்களின் உறவையும் வேறுபாட்டையும் ஐந்து வரிகளில் எழுதுக.

2. தைக்கும் நூல் துணியைவிட வலிமையாக இருத்தல் ஆகாது. ஏன்?

3. தாய், மகள், பாட்டி மூவரும் காந்தாவைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணங்கள் யாவை? நீங்கள் அவ்வீட்டில் இருந்திருந்தால் யாருடைய பக்கம் பேசியிருப்பீர்கள்? அவரவர்க்கு உரிய உறவுமுறைச் சொல்லால் விளித்து, உங்கள் பேச்சை உரையாடலாக எழுதுக.

4. நைந்த துணி, கிழிந்த துணி, இற்ற துணி – இம்மூன்றையும் தனித்தனி வாக்கியங்களில் அமைத்து வேறுபாட்டை விளக்குக.

5. உங்கள் வீட்டில் உள்ள மிகப் பழைய துணி ஒன்றைத் தேடுங்கள். அது முதலில் என்னவாக இருந்தது, யார் உடுத்தியது, இப்போது எதற்குப் பயன்படுகிறது என்று ஊரிலுள்ள தாத்தா பாட்டியிடம் தொலைபேசியில் கேளுங்கள். அவர்கள் கூறும் துணி, தையல் தொடர்பான சொற்களை அவர்கள் ஒலிப்பது போலவே குறித்துவந்து வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.